கோல சிலாங்கூரில் ஓவியம் விற்றவன்

ஓவியம் விற்கிற தொழிலில் சரக்கு கெட்டுப்போவதில்லை. விற்கிறவனின் தூக்கம்தான் கெட்டுப்போகும்.

அரிசியோ துணியோ இன்சூரன்சோ, எதையாவது வாங்கச் சொல்லி நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். நம் எல்லாருக்கும் ஒரே வியாதிதான். வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து உட்காருவோம். வந்தவர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

எண்பதுகளில் மலேசியாவின் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. கண்ணாடி வெட்டிக் கொடுப்பேன், படங்களுக்கு பிரேம் போடுவேன். முருகன், மாரியம்மன், கல்யாணப் படம், காலமானவர் படம், பட்டம் வாங்கிய பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் என் கையால்தான் சுவருக்குப் போகும். ஓவியத்துக்கு ஒரு சந்தை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வரைகிறவர், வாங்குகிறவர், பேப்பரில் எழுதுகிறவர் என்று சிலர் சேர்ந்துகொண்டு ஒரு படத்தைத் தூக்கவும் செய்வார்கள், கீழே போடவும் செய்வார்கள் என்பதை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அவர்களில் சிலரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சிலரை நினைத்தால் தலைவலி மாத்திரை தேடத் தோன்றுகிறது. பல சமயம் இரண்டும் ஒரே ஆள்தான்.

விலை சொல்லாத படகு

பவானி டீச்சர் முதல்முறை வந்தது நல்ல மழையில். புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் டிரசராக இருந்தவரின் மகள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டிரசர் என்போம். கோலாலம்பூரில் ஓவியம் படித்துவிட்டு வந்து, இங்கே இடைநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தார். பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி ஒரு பெரிய படம் கொண்டு வந்தார். பாசிர் பெனம்பாங் படகுத்துறை. சேற்றுத் தண்ணீர், அதில் நாலைந்து மீன்பிடிப் படகுகள். அவ்வளவுதான் படம். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு மூக்கில் கருவாட்டு வாடை அடித்தது. பிரேம் போட்டு முடித்தேன். அவர் எடுக்க வரத் தாமதமானது. உள்ளே இடமில்லாமல் முன் ஜன்னலில் மாட்டி வைத்தேன்.

இரண்டாம் நாள் ஆ ஹோக் தவுக்கே வந்தார்; சீன முதலாளிகளை நாங்கள் தவுக்கே என்போம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீன் வியாபாரம், கூடவே ஒரு கடலுணவுக் கடை. காலமான தன் அம்மாவின் படத்துக்கு பிரேம் போட வந்தவர், ஜன்னலருகிலேயே நின்றுவிட்டார். மூன்றாவது படகைக் காட்டி, "இது என்னுது லா," என்றார். அவர் மலாயும் தமிழும் கலந்துதான் பேசுவார். என்ன விலை என்று கேட்டார். எனக்குத் தெரியாது, வரைந்தவருக்கும் தெரியுமா என்று தெரியாது, நீங்களே பார்த்து ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. "விலை தெரியாத சரக்க சும்மா குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். மொதல்ல அந்தப் பொண்ண ஒரு விலை சொல்லச் சொல்லு," என்றார்.

பேரம்

பவானியிடம் சொன்னேன். அரைமணி நேரம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, துணி இவ்வளவு, சாயம் இவ்வளவு, பிரேம் இவ்வளவு என்று கூட்டிக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல தண்ணிக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றார். கடைசியில் தன் ஒரு மாதச் சம்பளத்தைச் சொன்னார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு மொத்தமாகச் சாமி படம் போட்டபோதுகூட அவ்வளவு பெரிய பில் நான் எழுதியதில்லை.

ஒரு வாளி இறாலுக்கு நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவர் ஆ ஹோக். அவரிடம் இந்தத் தொகையை எப்படிச் சொல்வது என்று வீட்டில் ஒத்திகையெல்லாம் பார்த்தேன். சொன்னேன். தலையாட்டினார். உடனே கொடுத்தார். படத்தைத் தானே தோளில் தூக்கி லோரியில் ஏற்றினார். தாங்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன், ஏன் பேரம் பேசவில்லை என்று. கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "மீன் நாளைக்கு நாறும், அதுக்குப் பேரம் பேசணும். இது நாறாது. எதுக்குப் பேரம்?"

திரைச்சீலைக்குப் பொருத்தம்

தவுக்கே அந்தப் படத்தைத் தன் கடலுணவுக் கடையில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோலாலம்பூரிலிருந்து நண்டு சாப்பிட வருகிறவர்கள் கூட்டம். அவர்கள் சுவரைப் பார்த்தார்கள். யார் வரைந்தது என்று கேட்டார்கள். தவுக்கே கை காட்டியது என் கடையை. நண்டு வாசனை போகாத விரல்களோடு வங்கி மேனேஜர், வக்கீல், வீட்டுமனை விற்கிறவர் எல்லாரும் என் ஸ்டூலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் படகுதான் வேண்டும். அதே படகு, அதே ஆறு.

அதே என்றால் முழுதும் அதே இல்லை. ஒருவருக்கு வானம் இன்னும் நீலமாக வேண்டும். ஒருவருக்கு சேறு வேண்டாம். கோலாலம்பூரில் பணக்காரர்கள் இருக்கிற பங்சாரிலிருந்து வந்த ஓர் அம்மா, கைப்பையைத் திறந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து மேசையில் விரித்தார்கள். வீட்டுத் திரைச்சீலையின் மாதிரி. படகுகள் அந்தப் பச்சையில் இருக்க வேண்டுமாம். ஆற்றில் அப்படிப் பச்சைப் படகு கிடையாதே அம்மா என்றேன். மிகவும் பொறுமையாக எனக்கு விளக்கினார்கள்: "படக மாத்தலாம் தம்பி. கர்ட்டன மாத்த முடியாது லா, துணி சிங்கப்பூர்லருந்து வந்தது."

கை கழுவினது

ஒன்றரை வருஷம் படகுகள் போய்க்கொண்டே இருந்தன. விலையும் ஏறியது. எனக்குக் கிடைத்த கமிஷனில் கடைக்குப் புது சுழல் மின்விசிறி போட்டேன். அப்போது ஒரு நாள் பவானி வந்து, "இனிமே படகு கிடையாது அண்ணே," என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் கத்தினேன். கடைக்குள் இருந்த ஆள் பயந்து வெளியே போகிற அளவுக்குக் கத்தினேன். பவானியின் அப்பாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. டிரசர் வேலை போனால் தோட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போக்கிடம் கிடையாது. பள்ளிக்கூட வேலையும் நிரந்தரமில்லை. வீடு கட்டப் பணம் தருகிற படகை யாராவது உதறுவார்களா? பவானி நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "போன படத்த வரையறப்போ நான் ஆத்துப் பக்கமே போகல அண்ணே. வீட்டுலயே உக்காந்து கண்ண மூடிட்டு வரைஞ்சேன், நல்லாவே வந்திருச்சு. அன்னிக்கே பயந்துட்டேன்."

பின்பக்கத்தைப் பார்க்கிறவர்

டாக்டர் குலசிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, வந்தவர். டாக்டர் மலாவத்தி மலை அடிவாரத்தில் பழைய வீட்டில் தனியாக இருந்தார். சுவர் தெரியாமல் படங்கள். கோலாலம்பூர் ஓவியர்கள் பலரை, பெயர் தெரிவதற்கு முன்பே வாங்கியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடைக்கு வந்தால் முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். துணியை எப்படி இழுத்து அடித்திருக்கிறது, எத்தனை தரம் மாற்றி வரைந்து சாயம் ஊறியிருக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம். முன்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாமி படம் வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

படகுகளை அவர் வாங்கவில்லை. ஒவ்வொரு படகையும் வந்து பார்த்தார், வாங்கவில்லை. "தம்பி, உந்தப் பிள்ளை வேறை ஏதும் கீறி வச்சிருக்கிறாவோ?" என்று மட்டும் கேட்பார்; கீறுவது என்றால் அவர் பேச்சில் வரைவது. படகை நிறுத்திய மாதம் பவானியே அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். குவார்ட்டர்ஸ் பின்கட்டில், துணிக்கொடிக்குக் கீழே, சுவரில் சாய்த்து ஆறேழு படங்கள். எல்லாவற்றிலும் மருந்தடிக்கிற பெண்கள். செம்பனைக்குக் கீழே வளரும் புல்லைச் சாகடிக்க, முதுகில் மருந்து டாங்கி சுமந்து போகிறவர்கள். முகத்தில் துணி கட்டியிருக்கிறது. கால் வெறுங்கால். பெரிய படத்தில் ஐந்து பேர் வரிசையாக வருகிறார்கள். படகு வரைகிற காலத்திலேயே, யாருக்கும் காட்டாமல் இவற்றையும் வரைந்திருக்கிறார்.

டாக்டர் பின்பக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டார். அதை நான் கவனித்தேன். டிரசர் ஐயா கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று. அந்த ஐந்து பேர் படத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். பவானி சொன்ன விலையை, காணாது என்று அவரே உயர்த்தினார். எப்போது வீட்டுக்குக் கொண்டுவரட்டும் என்று நான் கேட்டேன். "வீட்டை வேண்டாம். கொண்டுபோனால் எனக்கும் என்ரை சுவருக்கும் மட்டுந்தான் தெரியும். உம்மடை ஜன்னலிலை தொங்கட்டும் தம்பி, ஊர் பாக்கட்டும்," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே

ஊர் பார்த்தது. எனக்குத்தான் கஷ்டம். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் இதையா மாட்டுவாய் என்று கோபித்துக்கொண்டு போனார். வங்கி மேனேஜர் பார்த்துவிட்டு, வீட்டில் விருந்தாளி வந்தால் சாப்பாடு இறங்காதே என்றார். ஒருத்தர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தினமும் முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார்.

சம்பளம் போட்டதற்கு மறுநாள், புக்கிட் ரோத்தான் பஸ்ஸிலிருந்து நாலைந்து பெண்கள் இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ. முன்னால் நின்றவர் பெயர் அஞ்சலை. பிறகு பேசித் தெரிந்துகொண்டேன். படத்தில் முதலாவதாக வருகிறவர் அவர்தான். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் கண்ணாடியில் விரல் வைத்து, இது நீ, இது நான் என்று காட்டினார். அஞ்சலை மட்டும் அசையவில்லை. கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்: "மூஞ்சியத்தான் துணியால மூடியிருக்கோமே, முதுகு வலிக்குறத எப்படிங்க கண்டுபிடிச்சா டிரசர் மக?"

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்

டாக்டரின் சிபாரிசில், கோலாலம்பூரில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் பவானியின் மருந்துப் பெண்களுக்கு ஒரு சுவர் கிடைத்தது. தவுக்கேயின் லோரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, ஜன்னலில் தொங்கியதையும் சேர்த்துப் படங்களைக் கட்டிக்கொண்டு நான்தான் போனேன். அந்த நேரம் நாட்டில் நேரம் சரியில்லை. ஈயம் விழுந்தது, ரப்பர் விழுந்தது, செம்பனை எண்ணெயும் விழுந்தது. கடைகள் பல மூடிக் கிடந்தன. அப்படி ஒரு காலத்தில் மனிதர்கள் முதலில் நிறுத்துவது படம் வாங்குவதைத்தான்.

அதோடு என்சிக் ஜமால், அதாவது திரு. ஜமால், வேறு எழுதிவிட்டார். ஓர் ஆங்கிலப் பேப்பரில் ஞாயிறு தோறும் ஓவியம் பற்றி எழுதுகிறவர். அவர் நல்லது சொன்னால் திங்கட்கிழமை போன் அடிக்கும். இந்தத் தடவை, பவானியின் படங்கள் சுவரொட்டி மாதிரி இருக்கின்றன, முரட்டுத்தனமாகச் சாயம் அப்பியிருக்கிறது, படகு வரைந்த கையை எங்கே தொலைத்தார் என்று எழுதினார். தனிக் கண்காட்சி வைத்துத் தருகிறேன் என்றிருந்த கேலரிக்காரர் பிறகு பார்க்கலாம் என்றார். படங்கள் ஒன்றுகூட விற்காமல் அதே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே திரும்பின. பவானி கயிற்றை அவிழ்க்க உதவினார். முடிச்சு அவிழவில்லை, கத்தியால் அறுத்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அந்த ஆளைத் திட்டுவார், மனசு ஆறும் என்று ஆசை. டாக்டர் இரண்டு தரம் நிதானமாகப் படித்து மடித்து வைத்தார். "அவன் பிழையாப் பாத்திருக்கிறான் தம்பி. ஆனாப் பாத்திருக்கிறான். வாற சனத்திலை முக்காவாசிப் பேர் பாக்கிறதே இல்லை," என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

சில மாதங்கள் கழித்து, பகல் வெயிலில், பஸ் நிலையத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. ஐந்து பேர் படம் திரும்பவும் தொங்கிய என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டைக் கடந்து பாதி வந்தார், நின்றார், திரும்பவும் பின்னால் போனார். ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். நான் வெளியே ஓடிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். என்சிக் ஜமால்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் அவை தலையைவிட்டுப் போகவில்லையாம். மோசமான படம் இப்படி நிற்காதே என்று குழப்பமாகி, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். கண்காட்சியில் அந்தச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஆறடிதான். இங்கே ரோட்டுக்கு அப்பால் நின்றபோது, அப்பின சாயமெல்லாம் சேர்ந்து ஐந்து பேராக நடந்து வந்தார்கள் என்றார். மருந்தடிக்கிற பெண்களை யாரும் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை, ரோட்டிலிருந்துதானே பார்க்கிறோம் என்றும் சொன்னார். நான் அவருக்கு ஒரு தே தாரே, நுரைக்க ஆற்றின பால் டீ, வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு பவானி வந்தார். ஜமால் எழுந்து நின்றார். அவர் வயதுக்கு அது தேவையில்லை, எழுந்து நின்றார். ஜன்னல் படத்தில் மூன்றாவது பெண்ணின் கையைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தக் கை சரியில்லை என்று ஜமால் சொன்னார். ஆமாம், எனக்கும் தெரியும் என்றார் பவானி.

அடுத்த ஞாயிறு, நான் எழுதியது தவறு என்று தலைப்பிலேயே போட்டு எழுதியிருந்தார். அந்தக் கை சரியில்லை என்பதையும் விடாமல் எழுதியிருந்தார். போன் செய்து நன்றி சொன்னேன். தப்பு என்று நீங்களே எழுதினால் உங்கள் பேர் என்ன ஆவது என்றும் கேட்டேன். மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "என் பேர் ஞாயித்துக்கிழம பேப்பர்ல வருது, திங்கக்கிழம அதுல மீன் கட்டுறாங்க. அந்தப் பொம்பளைங்க இன்னும் நடந்துகிட்டுதான இருப்பாங்க?"

மொத்த வியாபாரம்

பிறகு கார்கள் வந்தன. சாப்பாடு இறங்காது என்ற வங்கி மேனேஜர்கூட வந்தார். ஆனால் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தவர் மிஸ்டர் தேவராஜ். ஒரு பெரிய தோட்டக் கம்பெனியின் கோலாலம்பூர் தலைமையகத்தில் அதிகாரி. சொந்தப் பணத்திலும் படம் வாங்குவார், கம்பெனிக்காகவும் வாங்குவார். கடைக்குள் நின்று ஒரே வீச்சில் சொன்னார்: எத்தனை மருந்துப் பெண்கள் இருந்தாலும் எல்லாம் எனக்கு. இனி வரைவதும் எனக்கு. குளிரூட்டிய கிடங்கில் வைத்துவிட்டு, ஐந்து வருஷம் வெளியே விடாமல் இருந்தால் விலை எங்கே போகும் பாருங்கள் என்றார். அவர் சொன்ன தொகையில் பவானிக்கு வீடே வந்துவிடும். டிரசர் ஐயா ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருந்தது.

நான் பவானியைப் பார்த்தேன். இந்தத் தடவை கத்தவில்லை. கத்திப் பலனில்லை என்று தெரியும். பவானி, "ஒருத்தருக்கு ஒண்ணுதான் சார். சுவத்துல மாட்டணும். மாட்டியிருக்கான்னு நான் வந்து பார்ப்பேன்," என்றார். பயமில்லாமல் சொன்னார் என்று எழுதினால் அது பொய். தேவராஜ் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "என்னங்க இது, படம் வாங்குறது பாக்குறதுக்கா? பாக்கணும்னா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, போதும்," என்றார்.

ஐஸ் கிடங்கு மாடி

பவானி சொன்னபடியே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஒன்று ஈப்போவில் ஒரு டாக்டரம்மாவுக்கு. ஒன்று பத்தாங் காலியில் ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கு. அவர் தவணையில் கொடுத்தார், மாட்டின அன்றைக்குக் குடும்பத்தோடு படம் எடுத்து அனுப்பினார். வேகமாக விற்கவில்லை. குவார்ட்டர்ஸ் காலி செய்யும் நாள் அதைவிட வேகமாக வந்தது.

கடைசி வாரம் ஆ ஹோக் தவுக்கே கடைக்கு வந்தார். பாசிர் பெனம்பாங்கில் அவருடைய ஐஸ் கிடங்குக்கு மேலே பெரிய மாடி காலியாக இருக்கிறது, பின்னால் இரண்டு அறையும் உண்டு, அப்பாவும் மகளும் வந்து இருக்கட்டும் என்றார். ஜன்னல் ஆற்றைப் பார்த்து இருக்கும். வெயிலிலும் தரை ஜில்லென்று இருக்கும். வாடகைக்குப் பதில் வருஷம் ஒரு படகுப் படம் கேட்பார் என்று நான் நினைத்தேன். பவானியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. தவுக்கேவுக்கும் அது தெரிந்துவிட்டது. "வாடகை வேணும், நான் யாவாரி. ஆனா படகு வேணாம்," என்றார். "என்கிட்ட நெறைய படகு இருக்கு லா, தினம் பெயிண்ட் அடிக்கச் சொல்லி உயிர வாங்குது."

டாக்டரின் சுவர்

எண்பதுகள் முடியப்போகும் சமயத்தில், டாக்டர் குலசிங்கம் மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போக முடிவு செய்தார். மூட்டு வலி, தனியாக இருக்க முடியவில்லை. சேர்த்த படங்களை என்ன செய்வது? சேதி பரவியதும் கோலாலம்பூர் வியாபாரிகள் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடமில்லாமல் நின்றார்கள். டாக்டர் முதலில் ஓவியர்களைக் கூப்பிட்டார். வறுமையில் விற்றவர்கள் விருப்பப்பட்டால் வாங்கின விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு பேர் வந்து அழுதுகொண்டே எடுத்துப்போனார்கள். மிச்சத்தை என் மூலமாக விற்றார். ஐந்து பேர் படத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. தேவராஜ் மூன்று தரம் வந்து, கேட்ட ஒவ்வொரு தரமும் விலையை ஏற்றினார்.

ஒரு ஞாயிறு காலை டாக்டர் தன் பழைய மோரிஸ் மைனரில் பவானியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லயத்துக்குப் போனார். தொழிலாளர் வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம். அஞ்சலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். இந்தப் படத்தை வாங்கினது நான்தான், ஆனால் படத்தில் இருப்பது நீங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிடவா, கோயில் மண்டபத்தில் மாட்டவா, எங்கே இருந்தால் உங்களுக்குச் சரி என்று கேட்டார். அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார். சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், திரும்ப வந்தார்கள். "இங்க எதுக்குங்க ஐயா? எங்கள நாங்க தினம்தான் பாக்குறோம். கம்பெனி தொரைமாருங்க போற வர எடத்துல மாட்டுங்க," என்றார் அஞ்சலை.

லிஃப்டுக்கு எதிரே

அஞ்சலையின் தோட்டமும் தேவராஜின் கம்பெனியுடையதுதான்; அப்படித்தான் அந்தப் படம் அங்கே போனது. அவர் சொன்ன விலைக்கே டாக்டர் கொடுத்தார்; ஒரு காசு குறைக்கவில்லை, அவரும் குறைக்கச் சொல்லவில்லை. நிபந்தனை ஒன்றுதான். தலைமையகத்தில், பெரிய அதிகாரிகள் லிஃப்டுக்குக் காத்திருக்கிற கூடத்தில், அதற்கு நேர் எதிரே மாட்ட வேண்டும். தேவராஜ் ஒரு நாள் அவகாசம் கேட்டார். போட்டோவே போதும் என்றவர் அவர். என்ன யோசித்தாரோ, மறுநாள் போன் செய்து சரி என்றார். மேலிடத்தில் அவர் அதற்காகப் பேச்சு வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் சொல்லவே இல்லை. நானே போய் மாட்டினேன். கூடம் நீளமானது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாதிரியே தூரம் இருந்தது. மாட்டிவிட்டு லிஃப்டு வாசலில் நின்று பார்த்தேன். லிஃப்டு வந்தது, கதவு திறந்தது, மூடியது. கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் என் பக்கத்தில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். இது எந்தத் தோட்டம் என்று கேட்டார். உங்கள் தோட்டம்தான் ஐயா என்றேன். அடுத்த லிஃப்டும் அவர் ஏறாமலே போயிற்று.

டாக்டரை சுபாங் விமான நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் வழியனுப்பினோம்: பவானி, தவுக்கே, நான். அவரிடம் சொல்ல ஒரு சேதி இருக்கட்டும் என்று முதல் நாள் பஸ் நிலையத்தில் அஞ்சலையைப் பார்த்தபோது, படம் மாட்டின பிறகு ஏதாவது நடந்ததா என்று கேட்டிருந்தேன். பாத்திரக் கடைப் பையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவர் சொன்னதை டாக்டரிடம் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். சுங்கச் சோதனை வாசல்வரை அவர் சிரித்துக்கொண்டே போனார். அஞ்சலை சொன்னது இது: "எல்லாருக்கும் கையுறையும் பூட்ஸும் குடுத்தாங்க. படத்தப் பாத்துத்தான் குடுத்தாங்களான்னு தெரியாது. ஆனா அளந்து பாக்கல, எல்லாம் ஆம்பள சைஸ்."

இத்தனை பேர் சேர்ந்து ஒரு படத்துக்கு மதிப்பு உண்டாக்கியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான், ஆனாலும் இன்றைக்கு யாராவது ஓர் ஓவியத்தைக் காட்டி என்ன விலை என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்ல வருவது பிரேமின் விலை மட்டும்தான்.